கிள்ளான் ரயிலில் ஒத்துப்போனோம்

நான் ஏமாற்றினேன்.

இரண்டு மனிதர்கள் தனித்தனியே யோசித்து, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அதை நம்பி ஒரு பெண் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறாள். அதையே உதாரணமாக வைத்துப் புதிய மாணவர்களுக்குப் பாடமும் நடக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். நாங்கள் தனித்தனியே முடிவெடுக்கவில்லை. யோசித்தவள் ஒருத்தி... பேசியவன் நான்! கடைசியில் இரண்டு பெயரிலும் பதிவானது என் பேச்சு.

'அட, இதற்குப் போயா இவ்வளவு?' என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். கொலையா செய்தேன்? கொள்ளையா அடித்தேன்? ரயிலில் பேசிக்கொண்டு போனேன். அவ்வளவுதானே!

அவ்வளவுதான். ஆனாலும் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் படித்தவன் அல்ல. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப்போகவில்லை. கிள்ளானில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பவன். எம்சி என்பார்கள். மாப்பிள்ளை எவ்வளவு தாமதமாக வந்தாலும் சபையைக் கலையவிடாமல் பிடித்துவைக்கத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.

மனிதர்கள் பேசுவதைக் கேட்பதென்றால் எனக்கு உயிர். ஒருநாள் பாசாரில் மீன் வாங்க நின்றிருந்த ஓர் அக்கா வானத்தைப் பார்த்து, "இந்த மழ என் மருமக மாதிரி லா... வரேன் வரேன்னு சொல்லும், வராது" என்றார். நான் மீனை அங்கேயே மறந்துவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி திட்டினாள். அந்தத் திட்டும் நன்றாகத்தான் இருந்தது. அதையும் மேடையில் பயன்படுத்திக்கொண்டேன்.

முனைவர் பட்டம் வாங்கிய அந்தப் பெண்ணை, தர்ஷினியை, நான் முதலில் பார்த்தது அப்படியொரு கல்யாணத்தில். பந்தி முடிந்து நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அங்கிள், இதெல்லாம் எங்கருந்து எடுக்கறீங்க?"

"எங்கருந்தும்மா எடுக்கறது? நீங்க பேசறத எடுத்து உங்களுக்கே விக்கிறேன்."

"அப்படின்னா எங்ககிட்ட வந்து வேல செய்ங்க. நம்ம ஆளுங்க பேசறது கம்ப்யூட்டருக்கு வெளங்க மாட்டேங்குது லா. அண்ணங்காரன் தம்பிக்கு 'செத்துத் தொலடா எரும'ன்னு மெசேஜ் போட்டா, கொல மிரட்டல்னு சொல்லுது!"

"அதுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வைம்மா. எல்லாம் தன்னால வெளங்கிடும்."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடி. அங்கே ஒரு பல்கலைக்கழகம் புதிய படிப்பொன்றைத் தொடங்கியிருந்தது. மனிதர்கள் ஆயிரக்கணக்கில் எழுதுவதையும் பேசுவதையும் கணினியைக் கொண்டு படித்து, சமூகத்தைப் புரிந்துகொள்கிற படிப்பு. கணினிசார் சமூக அறிவியல் என்று பெயர். பெயரைத் தடுமாறாமல் சொல்லவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

அதற்கு இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் கணினித்துறை, சீனர். இன்னொருவர் சமூகவியல், மலாய்க்கார அம்மா. இருவரும் நல்லவர்கள், ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஏறாது. அவர் 'அளக்க முடியுமா?' என்பார். அந்த அம்மா 'யாரைக் கேட்டீர்கள்?' என்பார். சம்பந்தி வீட்டார் இருவர் தாம்பூலத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்!

மாணவர்களும் அப்படியே. கணினிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் கடைத்தெருவுக்கு அனுப்பி மனிதர்களிடம் பேசச் சொல்வார்கள். சமூகவியல் பிள்ளைகள் மாடியில் உட்கார்ந்து நிரல் எழுதிப் பழகுவார்கள். ஒரு பையன் கிள்ளான் துணிக்கடைத் தெருவில் சேலை விற்கிற ஓர் ஆன்டியிடம் போய், "ஆன்டி, இந்த ஏரியாவுல வாழறதப் பத்தி உங்க மனநிறைவு ஒன்னுலருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். "சேல வாங்கறியா, இல்ல கடைய மறைக்காம தள்ளி நிக்கறியா?" என்றாராம். அந்தப் பதிலை எந்த எண்ணில் போடுவது என்று மேலே பெரிய விவாதம்!

அந்த மாடியில் காப்பி எந்திரம் ஒன்றே ஒன்றுதான். வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். இரு துறையினரும் ஒரே வரிசையில் நின்றால் ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும்? எல்லோரும் எல்லோரோடும் பேசவேண்டும் என்பதற்காகவே கட்டிய இடம் அது.

அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பேருக்கு மட்டும், பேசிக்கொள்ளக்கூடாது என்று விதி. எனக்கும் ஸ்டெல்லாவுக்கும்.

ஸ்டெல்லா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள். கத்தோலிக்கக் குடும்பம். பல வருடங்கள் ஒரு கிளினிக்கின் முகப்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நான் ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். பெரும்பாலும் அது 'அப்படியாண்ணே' என்பதாக இருக்கும்.

எங்கள் வேலை சுலபம். குடும்பங்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளை, அவர்கள் அனுமதியோடு, பெயர்களை நீக்கித் திரையில் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டவேண்டும். பாசமா, கேலியா, இழிவா? ஒரே செய்தியை நான் ஒருபக்கம் பார்ப்பேன், ஸ்டெல்லா ஒருபக்கம் பார்ப்பாள். இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறோம் என்பதற்குக் கணினி ஓர் எண் கொடுக்கும். வாரக்கடைசி வரை லேபிள்களை மாற்றிக்கொள்ளலாம், பிறகு பூட்டிவிடும்.

"ஒருத்தர் மட்டும் சொன்னா அது அவரோட கருத்து அங்கிள்," என்று தர்ஷினி விளக்கினாள். "ரெண்டு பேரு தனித்தனியா அதையே சொன்னாத்தான் அது நம்ம சமூகத்தோட கருத்துன்னு நான் எழுத முடியும். அதனால பேசிக்காதீங்க. அது ஒன்னுதான் நான் கேக்கறது."

"சரி லா மா. வாயத் தச்சுட்டேன்."

சபையில் ஆயிரம் பேருக்கு முன்னால் கொடுக்கிற வாக்கைப்போல் அவ்வளவு எளிதாகக் கொடுத்தேன்.

முதல் சுற்றின் எண் மோசமாக வந்தது. நானும் ஸ்டெல்லாவும் இருவேறு ஊர்க்காரர்களைப்போல் லேபிள் ஒட்டியிருந்தோம். அதிலும் பட்டப்பெயர்கள், நிறம், உடம்பு பற்றிய கிண்டல்கள்... அந்தச் செய்திகளில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை. கணினிப் பேராசிரியர், இப்படியே போனால் தலைப்பை மாற்றவேண்டியிருக்கும் என்றார். சமூகவியல் அம்மா, ஒத்துப்போகாததுதான் விஷயமே, அதை எழுது என்றார். இருவருக்கும் நடுவில் தர்ஷினி நின்றாள். இரண்டாண்டு உழைப்பு. அந்தப் படிப்பில் சேர்ந்த முதல் மாணவி வேறு. அவள் தோற்றால் அந்த மாடியே தோற்றதுபோல்.

அன்று மதியம் அவள் கறிப்பாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

அன்று மாலை ரயிலில்தான் ஆரம்பித்தது.

நானும் ஸ்டெல்லாவும் ஒரே ரயிலில்தான் கிள்ளானுக்குத் திரும்புவோம். வேலையைப் பற்றித் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்வோம். அவள் மகள் ஜெனியின் பரீட்சை, என் மூட்டு வலி, ஷா ஆலமில் ஏறுகிறவர்கள் ஏன் எப்போதும் கோபமாகவே ஏறுகிறார்கள் என்பது... அன்று நான்தான் எல்லையைத் தாண்டினேன். அவள் அல்ல. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஸ்டெல்லா, அந்தக் கரிச்சட்டிய என்னான்னு போட்ட?"

ஒரு மாமியார் மருமகளுக்கு அனுப்பிய செய்தி அது. 'கரிச்சட்டி, சாப்பிட்டியா இல்லியா?' அவ்வளவுதான் செய்தி.

"பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேண்ணே."

"நாம என்னா பரீட்சையா எழுதறோம்? சும்மா சொல்லு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "இழிவுன்னு போட்டேன்."

"அடக் கடவுளே! ஏன் லா? சாப்பிட்டியான்னு கேக்கறாங்க பாரு!"

"கேக்கறாங்கதாண்ணே. ஆனா அந்தப் பேரச் சொல்லிட்டுத்தானே கேக்கறாங்க..."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். 'அப்படியா ஸ்டெல்லா' என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளைப்போல் நான் சொல்லியிருக்க வேண்டும்!

நிறுத்தவில்லை. பேசினேன். எனக்கொரு மாமா இருந்தார், என்னை அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பார் என்றேன். நம் சனங்களுக்குப் பாசத்தை நேராகச் சொல்ல வெட்கம், அதனால் திட்டிலே சுற்றித் தருவார்கள் என்றேன். வெறும் அன்பை அப்படியே கையில் கொடுத்தால் வாங்கக்கூடக் கூச்சப்படுகிற ஆட்கள் நாம் என்றேன். நன்றாகப் பேசினேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர்கூடத் தலையாட்டினார்!

"அப்படியாண்ணே..." என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் அந்த லேபிளை மாற்றிவிட்டாள்.

அதன்பிறகு வழக்கமாகிவிட்டது. நான் கேட்பேன், அவள் தயங்குவாள், நான் பேசுவேன், அவள் மாற்றுவாள். கிள்ளான் வருவதற்குள் அன்றைய செய்திகள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போவோம். அந்தப் பயணங்களை இன்று நினைத்தாலும் மனம் குளிர்கிறது... அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். குற்றம் செய்த நாட்கள்தாம் அந்த வேலையிலேயே என் இனிமையான நாட்கள். போகப் போக அவள் தயங்குவதும் நின்றது. நான் கேட்கும் முன்பே, "பாசம்னுதான் போட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

எண் ஏறியது!

"அங்கிள்! ஆன்டி! ரெண்டு பேரும் அப்படியே ஒன்னா நிக்கறீங்க!" என்று தர்ஷினி மாடிப்படியில் கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு. இரண்டு பேராசிரியர்களும் அன்றுதான் முதல்முறையாக ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். ஒத்துப்போகாததை எழுதச் சொன்ன அந்த மலாய்க்கார அம்மா மட்டும் என்னைப் பார்த்து, எப்படி இவ்வளவு மாறியது என்று மலாயில் கேட்டார். பழகிவிட்டது என்றேன். அவரும் நம்பினார். நம்பும்படி பேசுவதுதானே என் தொழில்?

தர்ஷினியின் ஆய்வு வந்தது. வெளியாட்கள் இழிவு என்று நினைக்கும் சொற்களை, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் தங்களுக்குள் பாசமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே அநேகமாக இல்லை. இதுதான் அதன் சாரம். நன்றியுரையில் என் பெயரும் ஸ்டெல்லாவின் பெயரும் அருகருகே.

கருத்து வேறுபாடு இல்லையாம்! இருந்தது, தர்ஷினி. ரயிலில், ஜன்னலோரம், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? அந்தப் பெண்ணின் வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தேன் என்று. இரக்கத்தால் செய்த தவறு என்று. அழகாக இருக்கிறது, இல்லையா? மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள்.

பொய்.

அப்படி ஒரு மாமாவே எனக்கு இல்லை. என்னைக் கரிச்சட்டி என்று கூப்பிட்டவர் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார். கூப்பிட்டபோதெல்லாம் வகுப்பு சிரித்தது. ஒருநாளும் அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை.

பின் ஏன் பாசம் என்று லேபிள் ஒட்டினேன்? ஏன் அவளையும் ஒட்டவைத்தேன்?

சொல்கிறேன். மைக்கைப் பிடித்த நாளிலிருந்து நான் செய்த நகைச்சுவை எது? 'பொண்ணு கொஞ்சம் கலரு கம்மி, அதனாலதான் மண்டபத்துல லைட்டக் கூட்டிப் போட்டிருக்கோம்!' 'மாப்பிள்ள மேடையேறட்டும், மேட தாங்குதான்னு பாத்துட்டு மத்தவங்க ஏறுங்க!' சபை அதிரும். அந்த அதிர்வில்தான் என் வாழ்க்கை ஓடியது; என் பிள்ளைகள் படித்தார்கள். ஸ்டெல்லா சொன்னது சரியென்றால்... அந்தச் சொல் இழிவுதான் என்றால்... நான் யார்? எத்தனை மணப்பெண்களின் ஒரே ஒரு கல்யாண நாளைக் கெடுத்திருக்கிறேன்?

அதனால்தான் அவள் 'இழிவு' என்றபோது என் வாய் அவ்வளவு வேகமாகத் திறந்தது. தர்ஷினியின் எண்ணைக் காப்பாற்ற அல்ல. என்னைக் காப்பாற்ற! இரண்டாவது ஆள் ஒருத்தி, சுயமாக யோசித்து, நான் செய்தது பாசம்தான் என்று சொல்லவேண்டியிருந்தது எனக்கு. தர்ஷினிக்கு எவ்வளவு தேவைப்பட்டதோ அதைவிட அதிகமாக.

ஆண்டுகள் போயின. அந்த மாடிப் படிப்பு நன்றாக வேரூன்றிவிட்டது. இப்போது காஜாங்கிலிருந்தும் செராஸிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். தர்ஷினி அங்கேயே விரிவுரையாளர். முதல் வாரப் பாடத்தில் எங்களைத்தான் உதாரணம் காட்டுகிறாளாம். 'பேசிக்கொள்ளாமல் லேபிள் ஒட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு எம்சி அங்கிளும் ஸ்டெல்லா ஆன்டியும்...' கேட்கிற பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்களாம். நீங்களேகூட அந்த வகுப்பில் உட்கார்ந்தவராக இருக்கலாம். இருந்தால், நீங்கள் எழுதிக்கொண்டது சரியான விதி, தவறான உதாரணம்.

சென்ற வருடம் தர்ஷினி கூப்பிட்டாள். "அங்கிள், அதே மெசேஜ்ல கொஞ்சம் எடுத்து உங்க ரெண்டு பேருக்கும் திரும்பவும் தரப்போறேன். பழைய பதில் காட்டமாட்டேன். வருஷம் ஆகியும் அதே மாதிரி சொல்றீங்களான்னு பாக்கணும். அப்பதான் வேலை இன்னும் கெட்டியா நிக்கும்."

கெட்டியாக நிற்குமாம்...

அந்தக் கணம் எனக்கு வழி திறந்ததுபோல் இருந்தது. இந்தமுறை நான் வாயைத் திறக்கமாட்டேன். ஸ்டெல்லா தன் மனத்தில் பட்டதைச் சொல்லட்டும். எண் விழட்டும். தர்ஷினி ஏன் என்று கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுவேன். அவள் பட்டத்துக்கே ஆபத்தாகலாம், தெரியும். ஆனாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நானாகப் போய்ச் சொல்லத் துணிவில்லாதவன், எண் விழுந்து என்னைக் காட்டிக்கொடுக்கட்டும் என்று காத்திருந்தேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரிகிறது!

அந்த நாட்களில் ஸ்டெல்லாவோடு ரயிலேறுவதைத் தவிர்த்தேன். மூட்டுவலி என்று சொல்லி மகனைக் காரில் வரச் சொன்னேன். நான் மட்டும், முதன்முறையாக, நிஜமான லேபிளை ஒட்டினேன். கரிச்சட்டி வந்தது. திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'இழிவு' என்று அழுத்தினேன்.

முடிவு வந்தது. தர்ஷினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கொஞ்சம் சங்கடத்தோடு சிரித்தாள்.

"ஆன்டி அப்படியே இருக்காங்க அங்கிள். ஒன்னுகூட மாறல. நீங்கதான் இந்தத் தடவ எங்கயோ போயிட்டீங்க."

"நானா?"

"பரவால்ல லா அங்கிள். வயசாகுதுல்ல, கண்ணும் அசதியாயிருக்கும். பழைய ரவுண்டையே வெச்சுக்கறேன். அதுதான் தெளிவா இருக்கு."

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். கதவுகூடச் சாத்தியிருந்தது. 'கண் அசதி இல்லம்மா, இப்பதான் தெளிஞ்சிருக்கு' என்று ஒரு வாக்கியம்... ஒரே வாக்கியம்! ஊரெல்லாம் பேசுகிற இந்த வாய்க்கு அது வரவில்லை. அவள் கண்களில் எனக்காக வருத்தம் இருந்தது. கிழவனை நோகடிக்கக்கூடாதே என்கிற பரிவு. அந்தப் பரிவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று ஸ்டெல்லாவோடு ரயிலேறினேன். இருக்கை கிடைத்ததும் கேட்டுவிட்டேன்.

"ஸ்டெல்லா, அந்தக் கரிச்சட்டிய ஏன் பாசம்னு போட்ட? மொத மொதல்ல நீ அப்படிப் போடலயே."

"போடலியா?" யோசித்தாள். "ஞாபகம் இல்லண்ணே."

"இழிவுன்னு சொன்ன. இதே மாதிரி ரயில்லதான்."

"இருக்கும். அப்ப எனக்கு மாமியார் மேல கோவம் இருந்துச்சு. கல்யாணமான நாள்லருந்து அவங்க என்ன அந்தப் பேர வெச்சுத்தானே கூப்பிட்டாங்க. சாமி படத்துக்கு முன்னாலகூட அந்தப் பேருதான்."

அந்தச் செய்தி அவள் வீட்டுச் செய்தி அல்ல. ஆனால் அவளுக்கு அது எவ்வளவு நெருங்கிய வீடு! நான் கேட்கவே இல்லையே... அத்தனை நாள் பேசினேனே, ஒருநாள்கூடக் கேட்கவில்லையே!

"இப்ப?" என்றேன்.

"இப்ப இல்லண்ணே." முகத்தில் அப்படியொரு அமைதி. "நீங்க உங்க மாமா கதை சொன்னீங்க பாருங்க, அதக் கேட்டப்பறம் யோசிச்சுப் பாத்தேன். நமக்குத்தான் வெளங்கல போல, அத்த பாசமாத்தான் கூப்பிட்டிருப்பாங்கன்னு. அவங்க படுக்கையில கெடந்தப்ப மனசாரப் பாத்துக்கிட்டேன். அவங்க போனப்ப மனசுல ஒன்னும் இல்லாமதான் அனுப்பி வெச்சேன். உங்களுக்குத்தாண்ணே நன்றி சொல்லணும்."

நன்றி!

நீங்கள் சொல்லுங்கள். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'அப்படி ஒரு மாமாவே இல்லை ஸ்டெல்லா, உன் முதல் லேபிள்தான் சரி, உன் மாமியார் உன்னை நோகடித்தவள்தான்' என்று சொல்லி, செத்துப்போனவளை மறுபடியும் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கவா? அல்லது, என் பொய்யில் அவளுக்குக் கிடைத்த நிம்மதி மெய்யான நிம்மதிதான் என்று நானும் நம்பிவிடவா? அதை நம்பத்தான் எவ்வளவு ஆசையாக இருந்தது! என் குற்றத்துக்கு ஒரு பூமாலை கிடைத்ததுபோல்...

'அப்படியா ஸ்டெல்லா' என்றேன். தாமதமாக. எந்தப் பயனும் இல்லாத நேரத்தில்.

கிள்ளான் நிலையத்தில் இறங்கினோம். வெளியே கார்கள் நிற்கிற பக்கம் அவள் மகள் ஜெனி பள்ளிச் சீருடையிலேயே அம்மாவுக்காகக் காத்திருந்தாள். பதினான்கு வயது. அம்மாவின் நிறம், அம்மாவின் நெற்றி. பக்கத்தில் இரண்டு தோழிகள்.

ஸ்டெல்லா மகளைக் கண்டதும் முகமெல்லாம் மலர, தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏய் கரிச்சட்டி! ரொம்ப நேரம் நின்னியா?"

அதில் பாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை. எந்தக் கணினி கேட்டாலும், எந்தப் பேராசிரியர் கேட்டாலும், ஸ்டெல்லாவின் அந்தக் குரலுக்கு நான் அந்த லேபிளைத்தான் ஒட்டுவேன்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டெல்லாவை அல்ல. தோழிகள் உடனே சிரித்துவிட்டார்கள். ஜெனியும் சிரித்தாள்... கொஞ்சம் பிந்தி. அவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு.

மணப்பெண்கள் சிரிப்பதை மேடையில் நின்று பார்த்தவனுக்கு அந்தப் பிந்துதல் தெரியும்.

"என்னா அங்கிள், அப்படியே நின்னுட்டீங்க?" என்று ஜெனி கேட்டாள்.

"ஒன்னுமில்லம்மா" என்றேன்.